ஐக்கிய விருந்தில் யார் முதலில் சாப்பிடுவது?

கேள்வி: ஜூரோங் சகோதரி

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் ஐக்கிய விருந்து உண்டு. சமையல் பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பு. கணக்கும் சாமான் வாங்குவதும் என்னுடையது. கோழி பிரியாணி, வெங்காயப் பச்சடி, கேசரி. துவாஸ், கிராஞ்சி தொழிலாளர் தங்குவிடுதிகளில் இருக்கும், ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிமாருக்கு ஞாயிறு காலையிலும் சில நேரம் வேலை இருக்கும். முடித்துவிட்டு எம்ஆர்டி ரயில் பிடித்து, ஆராதனை முடியும் தறுவாயில் வருவார்கள், வரிசையின் கடைசியில் நிற்பார்கள். அண்டாவில் அப்போது சோறு இருக்கும், கோழி இருக்காது. “பரவாயில்லை அக்கா” என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

அவர்கள் முதலில், நாம் பிறகு என்று முறை வைக்கலாம் எனக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். “மனத்தாழ்மை உள்ளத்திலிருந்து வர வேண்டும் அம்மா. சட்டம் போட்டால் அது நடிப்பாகிவிடும்” என்றார் ஒரு மூப்பர். நல்ல மனிதர், ஜெபிக்கிறவர், அவர் சொன்னதை லேசாகத் தள்ள முடியவில்லை. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில், மற்றவர்களை மேன்மையாக எண்ணுங்கள் என்று பவுல் கேட்பதும் உள்ளத்தின் சிந்தையைத்தான். ஆனால் எங்கள் உள்ளம் மாறும்வரை இவர்கள் வெறும் சோற்றோடு போக வேண்டுமா? பிள்ளைகளுக்கு முதலில் என்ற முறை ஏற்கெனவே இருக்கிறது; அதை யாரும் நடிப்பு என்று சொன்னதில்லை.

பதில்: வேதபாட ஆசிரியர், தோ பாயோ

சகோதரி, 1 கொரிந்தியர் 11-ஐ எடுத்து வாசியுங்கள். கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தி முழுச் சாப்பாட்டோடு நடந்தது. சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். பிந்தி வந்தவர்கள் வேலை முடித்து வந்த அடிமைகளும் கூலியாட்களும் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று கடிந்துகொண்ட பவுல், 33-ஆம் வசனத்தில் கட்டளையே கொடுத்துவிடுகிறார்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். கொரிந்தியரின் உள்ளம் கனியட்டும் என்று அவர் சாப்பாட்டைத் தள்ளிப்போடவில்லை.

அப்போஸ்தலர் 6-ம் இதே கதைதான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடப்பட்டார்கள். அதைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களைப் பொறுப்பில் வைத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். மனத்தாழ்மைக்கு ஒரு முறை இருப்பதில் குற்றமில்லை.

பதில்: வெல்டர், துவாஸ்

அக்கா, நான் நீங்கள் சொல்லும் தம்பிமாரில் ஒருவன். உங்கள் சபை அல்ல, வேறு சபை, நிலைமை ஒன்றுதான். “தங்குவிடுதித் தம்பிமார் முதலில் வாருங்கள்” என்று ஒலிபெருக்கியில் அழைத்தால் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். எல்லார் கண்ணும் எங்கள்மேல் இருக்கும்.

எனக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அங்கே ஆலயப் பண்டிகையில் அசனம் என்ற பொது விருந்து நடக்கும்போது குழம்பு வாளி தூக்கிப் பந்தி பந்தியாக ஓடியவன் நான். பெரியவர்கள் “இன்னும் கொஞ்சம் ஊற்று தம்பி” என்பார்கள். இங்கே தட்டு நீட்டுகிறவனாக மட்டுமே இருக்கிறேன். ஐயா சொன்ன ஏழு பேர் காரியம் என் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டது. எங்களுக்கு முதல் தட்டு வேண்டாம் அக்கா, கையில் ஒரு கரண்டி கொடுங்கள்.

பதில்: ஈசூன் வாசகி

கோழியைச் சோற்றிலிருந்து பிரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று நீங்களே பரிமாறுங்கள். எங்கள் சபையில் அப்படித்தான். குறைவு வருவதில்லை.

ஜூரோங் சகோதரி

எல்லாருக்கும் நன்றி. எல்லாரும் வந்து சேர்ந்தபின் ஜெபித்துச் சாப்பாட்டைத் தொடங்குவது, கோழியைத் தனியாகப் பரிமாறுவது, பரிமாறுகிறவர் பட்டியலில் தங்குவிடுதிச் சகோதரர்களையும் சேர்ப்பது: மூன்றையும் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். அதற்கு முன் மூப்பர் வீட்டுக்குப் போய் 33-ஆம் வசனத்தை அவரோடு சேர்ந்து வாசிப்பேன். எல்லார் முன்னிலையிலும் வசனத்தைக் காட்டி அவரை வாயடைக்க எனக்கு மனமில்லை. அவரும் மேன்மையாக எண்ணப்பட வேண்டியவர்தான்.

துவாஸ் தம்பி, உங்கள் சபையில் விருந்து இல்லாத ஞாயிறு எது? எங்களுக்கு வாளி தூக்கத் தெரிந்தவர்கள் குறைவு. வந்து எங்கள் வாலிபருக்குக் கற்றுக்கொடுங்கள்.