மலிவு விலைச் சிறிய மோட்டார் சைக்கிளும் தோட்ட இயந்திரமும்: வாங்கலாமா?

கேள்வி: உரும்பிராய்த் தோட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு பரப்புச் செம்மண் காணியில் வெங்காயமும் கத்தரியும் செய்து வருகிறேன். கொத்துவதற்கு ஆள் பிடிப்பது வரவர அரிதாகி வருவதாலும், வருகின்றவரின் நாட்கூலி வெங்காயம் விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகாததாலும், கையால் பிடித்து நடத்தும் சிறிய உழவு இயந்திரம் ஒன்றை வாங்க நினைத்திருக்கிறேன். நகரில் ஒரு கடையில், பெயர் கேள்விப்படாத இறக்குமதி இயந்திரம் ஒன்றுக்கு 95,000 ரூபாய் சொன்னார்கள். அதே உருவமும் அதே சிவப்பு நிறமும் கொண்ட, உள்ளூரில் முகவர் உள்ள இயந்திரத்துக்கு இன்னொரு கடையில் 240,000 ரூபாய் சொன்னார்கள். இரண்டையும் அருகருகே நிறுத்தி வைத்தால் எனக்கு வேறுபாடு தெரியாது.

இதனோடு இன்னொன்றும் இருக்கிறது. அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது. முகநூல் விளம்பரத்தில் பார்த்த 110 சிசி சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்காகத் தாயைப் பிய்த்து எடுக்கிறான். அது பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ளலாம், பதிவு தேவையில்லை என்று போட்டிருக்கிறார்கள். அக்கா என்னிடம் கேட்கிறார், நான் உங்களிடம் கேட்கிறேன். விலை குறைவு என்பதற்காகவே ஒரு பொருளை ஒதுக்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் எந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1: கராச் கிழவர்

தம்பி, மோட்டார் சைக்கிளை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் யோசிப்பதற்கு அதிகம் இல்லை. ‘பதிவு தேவையில்லை’ என்று அவர்கள் எழுதியிருப்பதை ‘பதிய முடியாது’ என்று வாசியுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு வண்டியைப் பதிவதற்கு, அது மோட்டார் சைக்கிளாகவே சுங்கத்தைத் தாண்டி வந்ததற்கான ஆவணமும், அந்த ஆவணத்தோடு பொருந்துகின்ற அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும் வேண்டும். விளையாட்டுச் சாமான் என்றோ உதிரிப் பாகம் என்றோ பெட்டியில் வந்த ஒன்றுக்கு இவை பின்னர் முளைத்துவிடா. பதிவு இல்லையென்றால் காப்புறுதியும் இல்லை. பையன் ஒழுங்கை முடக்கில் ஒருவரை இடித்து, அவருடைய கால் முறிந்துவிட்டால், வைத்தியச் செலவையும் நட்டஈட்டையும் உங்கள் அக்காதான் கட்ட வேண்டியிருக்கும். வளவுக்குள் மட்டும் ஓடுவான் என்று சொல்வார்கள். படலை திறந்திருக்கும் வரைக்கும்தான் அது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும் வரை, பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியிருந்ததால், இவ்வாறான பொருட்களின் மீது பலருக்குக் கண் போனது. சைக்கிளில் பூட்டும் சிறிய இயந்திரம் ஒன்று ‘80 சிசி’ என்று விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். பின் சில்லின் பற்சக்கரத்தை இறப்பர்த் துண்டுகளை வைத்துக் கம்பிகளோடு இறுக்குவதால், கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்துக்காகச் செய்த பிரேக் கட்டைகளை நம்பி 40 கிலோமீற்றரில் போகிறார்கள்.

உங்கள் மருமகன் கேட்கும் 110 சிசி வண்டியில் இயந்திரம் அவ்வளவு கெட்டதல்ல என்பதையும் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். 1958இல் ஹொண்டா தொடங்கிய சிறிய வண்டி வரிசையின் வழியில் வந்த, படுத்த சிலிண்டர் அமைப்பு அது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியபோதும் எங்களைக் கைவிடாத சி 50, சி 90 வண்டிகளின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை இயந்திரத்தைச் சுற்றி இருப்பவற்றில்தான். வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். கைபிடித் தண்டைக் கழற்றியபோது, உள்ளே இருந்த குண்டுகளில் கிறீஸ் ஒரு பொட்டும் இல்லை. பின் சில்லைத் தாங்கும் கவையின் ஒட்டுக்கு மேல் பூசியிருந்த கறுப்புப் பெயின்ரை ஒரு ரூபாய்க் குற்றியால் சுரண்டியதும், ஒட்டு இரும்புக்குள் இறங்காமல் மேலே மெழுகு வடிந்ததுபோல் கிடந்தது, ஓரத்தில் தலைமயிர் அளவு வெடிப்பும் ஓடியிருந்தது. அதில் ஒரு பிள்ளை ஏறி ஓடியிருக்கிறது. நான் அதைத் திருத்திக் கொடுக்க மறுத்துவிட்டேன்.

மறுமொழி 2: ஏழாலை வெங்காயம்

தம்பி, உழவு இயந்திரம் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 95,000 ரூபாய்ச் சாமானுக்கு நெருங்கிய ஒன்றை வாங்கி, அழுது முடித்தவள் நான்.

பெட்டியைப் பிரித்து, கைபிடியைப் பூட்டி, பெற்றோல் விட்டு, இவர் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுவையிலேயே கிளம்பிவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாலாவது பாத்தியில் ஒரு கடகடச் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது, கயிறும் வரவில்லை. கப்பலில் ஏற்றும்போது இவ்வகை இயந்திரங்களில் ஒயிலை வடித்துவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒயில் மூடியில் தொங்கவிட்டிருந்த சிறிய அட்டையில் அது எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதை விளையாட எடுத்துவிட்டார்கள், இருந்திருந்தாலும் அதிலிருந்த சீன எழுத்தை எங்களில் யார் வாசிப்பது? கடையிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 600 மில்லிலீற்றர் ஒயில் விட்டிருந்தால் போதும், அந்தச் சேதம் வந்திராது. அதன் கியர்ப் பெட்டிக்கும் தனியாக ஒயில் விட வேண்டும் என்பதைப் பின்னர் அறிந்தோம். பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை.

இனித்தான் முக்கியமான பகுதி. இயந்திரத் தகட்டில் 168 எஃப் என்று இருந்தது. முதல் 1 என்பது ஒற்றைச் சிலிண்டர், 68 என்பது சிலிண்டர் விட்டம் மில்லிமீற்றரில், எஃப் என்பது காற்றால் குளிர்வது என்று ஒரு மெக்கானிக் விளக்கினார். அது ஹொண்டா ஜி.எக்ஸ். வகையின் பிரதி என்பதால், பிஸ்டன், ரிங், கொனெக்டிங் ரொட் மூன்றும் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரே நாளில் கிடைத்தன. இயந்திரம் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் அடுத்த போகத்தில் காய்ந்த செம்மண்ணில் ஒரு கல்லில் கத்தி அடித்துக் கியர்ப் பெட்டிக்குள் ஒரு பற்சக்கரம் உடைந்தபோது, அதற்கு ஒப்பான ஒன்றை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தேடிக் கிடைக்கவில்லை. அந்தப் பெட்டி எந்தத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது என்பது விற்றவருக்கே தெரியாது. அடுத்த முறை அவர் இறக்கிய அதே நிற இயந்திரத்தில் பெட்டி வேறு அளவில் இருந்தது. மூன்று மாதம் அது கிடுகுக்குக் கீழே கிடந்தது, நாங்கள் மண்வெட்டியால் கொத்தினோம்.

ஆகவே இயந்திரம் நல்லதா என்று கேட்பதை விட, அதைச் சுற்றியுள்ள பெட்டி, பிடி, கத்தி, கயிற்றுச் சுருள் ஆகியவற்றுக்கு உதிரி கிடைக்குமா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதுவித்து வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் வழி கேட்கலாம். நாங்கள் நாலாம் மாதம்தான் விழித்துக்கொண்டோம். கையிலும் வெற்றுத் தாளில் எழுதிய துண்டு மட்டுமே இருந்தது.

மறுமொழி 3: லண்டன் மாமா

நான் கோண்டாவிலான், இப்போது லண்டனில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கான இவ்வாறான குட்டி மோட்டார் சைக்கிள்கள் இங்கே 2000களின் நடுப்பகுதியில் ஒரு மோகமாகவே பரவின. அவை வீதிக்கு உரியவை அல்ல. பொதுமக்களுக்குத் தொல்லையாக ஓடினால், 2002ஆம் ஆண்டின் பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவின் கீழ் பொலிசார் பறித்துக்கொண்டு போகலாம். இங்கே இருப்பவர்கள் ஊருக்கு அனுப்பும் சரக்குப் பெட்டியில் ஒன்றைப் போட்டு அனுப்பினால் நல்ல மாமா என்ற பெயர் கிடைக்கும் என்று நினைப்பதுண்டு. நானும் ஒருமுறை நினைத்தேன். கராச் ஐயா எழுதியதைப் படித்த பிறகு, பையனுக்கு நல்ல சைக்கிள் ஒன்றுக்குக் காசு அனுப்புவது மேல் என்று படுகிறது.

சி.ஈ. என்ற முத்திரை இருப்பதால் ஐரோப்பாவில் சோதிக்கப்பட்டது என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம். இவ்வகைப் பொருட்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தாமே உறுதி கூறி அந்த முத்திரையை இட்டுக்கொள்ளலாம்.

மறுமொழி 4: புத்தூர்ப் புல்லுவெட்டி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். நான் தோளில் மாட்டும் மலிவான புல்லு வெட்டும் இயந்திரம் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன், இன்னும் ஓடுகிறது. ஒட்டியிருந்த தாளில் 63 சிசி என்று இருந்தது. தகட்டில் 1ஈ44எஃப் என்று இருந்ததால், சிலிண்டர் விட்டம் 44 மில்லிமீற்றர், இவ்வகையில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மில்லிமீற்றர், ஆகவே 51.7 சிசி என்று கடையிலேயே கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டி விலையைக் குறைத்தேன். தாளை நம்பாதீர்கள், தகட்டைப் படியுங்கள்.

கொண்டுவந்த அன்றே எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கினேன், காபரேற்றரையும் பிளக்கையும் கயிற்றுச் சுருளையும் கூடுதலாக ஒவ்வொன்று வாங்கி வைத்தேன். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் டூ ஸ்ரோக் ஒயில் என்ற கணக்கைக் குத்துமதிப்பாக அல்லாமல் அளந்தே கலக்கிறேன். எங்கள் செம்மண் தூசி மாவைப் போன்றது என்பதால், காற்று வடிக்கும் பஞ்சை ஒவ்வொரு நாளும் கழுவுகிறேன். இவற்றைச் செய்யாமல் மலிவுச் சாமானைத் திட்டுவது சரியல்ல.

ஆனால் ஒன்றில் நானும் பட்டேன். இரும்புக் கத்தியோடு கொடுத்தார்கள், காவல் தகடு சிறிய பிளாஸ்ரிக் துண்டாக இருந்தது. சுண்ணக்கல் மேலே தெரியும் காணியில் ஒரு கல் பறந்து என் முழங்காலுக்குக் கீழே பிளந்தது. இப்போது நைலோன் நூலையே போடுகிறேன், கண்ணாடி அணிகிறேன், 15 மீற்றருக்குள் ஆளையோ ஆட்டையோ விடுவதில்லை.

இன்னொன்று: மலிவான நீரிறைக்கும் இயந்திரத்தில் 30 மீற்றர் என்று எழுதியிருப்பது அது கீழிருந்து உறிஞ்சும் உயரத்தையும் மேலே தள்ளும் உயரத்தையும் சேர்த்துத்தான், அந்த உச்ச உயரத்தில் தண்ணீர் வரத்தும் ஏறத்தாழ இல்லை. கீழிருந்து உறிஞ்சுவது எவ்வளவு விலை கொடுத்த இயந்திரத்திலும் 7, 8 மீற்றரைத் தாண்டாது. தண்ணீர் எட்டவில்லை என்று பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்ட வேண்டாம். புகையின் நச்சுக்காற்று உள்ளேயே தங்கும், இறங்கிப் பார்ப்பவர் ஏறி வரமாட்டார்.

மறுமொழி 5: கராச் கிழவர்

புத்தூர்த் தம்பி சொல்வது சரி. கைப்பழக்கம் உள்ளவருக்கு மலிவுச் சாமானும் உழைக்கும். ஆனால் புல்லு வெட்டி நின்றால் கத்தியை எடுத்துப் புல்லை அரியலாம், மாரிக்கு முன்னர் உழவு இயந்திரம் நின்றால் ஒரு போகம் போய்விடும். உரும்பிராய்த் தம்பி, குதிரை வலுவை வைத்து இரண்டு கடைகளையும் ஒப்பிடாதீர்கள். ஹொண்டா நிறுவனமே தன் ஜி.எக்ஸ். 160 இயந்திரத்தை முன்னர் 5.5 குதிரை வலு என்று விற்று, அளக்கும் முறையை மாற்றிய பின்னர் அதே இயந்திரத்தை 4.8 என்று அறிவித்தது. அப்படியிருக்க, பெயரில்லாதவர் தன் இயந்திரத்தில் 7 குதிரை வலு என்று எழுதினால் அதற்கு என்ன கணக்கு?

பணம் கொடுக்கும் முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். கியர்ப் பெட்டியின் மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு கடைகளிலும் இயந்திரத்தைக் கேட்காமல், அந்தப் பெட்டிக்கு ஒரு பற்சக்கரமும் ஒரு ஒயில் சீலும் வேண்டும் என்று கேளுங்கள்.

மறுமொழி 6: உரும்பிராய்த் தோட்டக்காரன்

ஐயாவுக்கும் ஏழாலை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. இன்று காலை போய்க் கேட்டேன். 95,000 ரூபாய்க் கடையில், முழு இயந்திரமாகவே தருகிறோம், உதிரி எதற்கு என்று சிரித்தார்கள். மற்றக் கடையில் ஒயில் சீல் தட்டில் இருந்தது. பற்சக்கரம் கொழும்பில் இருந்து ஐந்து நாளில் வரும் என்று விலையையும் எழுதித் தந்தார்கள். 240,000 ரூபாய் என்னிடம் இப்போது இல்லை. ஆகவே இந்தப் போகத்துக்கு அயலவருடைய இருசக்கர உழவு இயந்திரத்தை மணித்தியாலக் கூலிக்குப் பிடித்திருக்கிறேன், வெங்காயம் விற்ற பிறகு மீண்டும் அந்தக் கடைக்குப் போவேன். மருமகன் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.