சிஸ்பிளாட்டினின் ஐசி50 வாரத்துக்கு வாரம் ஏறுகிறது: கோளாறு செல்லிலா, மருந்திலா?

புவன விஸ்டா மாணவி (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் முனைவர் பட்ட ஆய்வின் முதலாம் ஆண்டில் இருக்கிறேன். ஏ549 நுரையீரல் புற்றுநோய்ச் செல்களுக்குச் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து, 48 மணி நேரத்துக்குப் பின் எவ்வளவு செல்கள் உயிரோடு இருக்கின்றன என்பதை எம்டிடி என்னும் சாயச் சோதனையால் அளக்கிறேன். தீபாவளிக்கு முன்பு, மருந்தைக் கரைத்த அன்றே செய்த சோதனையில் ஐசி50 மதிப்பு (செல்களின் அளவைப் பாதியாகக் குறைக்கத் தேவையான மருந்துச் செறிவு) 14 மைக்ரோமோலார் என வந்தது. விடுமுறை முடிந்து செய்தபோது அது 50ஐத் தாண்டிவிட்டது. அதற்கடுத்த வாரம் 100 மைக்ரோமோலார் கொடுத்தும் பாதிச் செல்கள்கூடச் சாகவில்லை. மருந்தை டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் 10 மில்லிமோலாராகக் கரைத்து, ஒரே குழாயில் மைனஸ் 20 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு முறையும் மேசையில் உருகவைத்து எடுக்கிறேன். மேற்பார்வையாளரிடம் போவதற்கு முன் காரணத்தை ஓரளவாவது தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

உட்லண்ட்ஸ்வாசி

செல்கள் மருந்துக்குப் பழகி எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கலாம். எத்தனையாவது பாஸேஜில் (செல்களைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றும் சுற்றில்) இருக்கிறீர்கள்? திரவ நைட்ரஜனிலிருந்து பழைய குப்பி ஒன்றை எடுத்து வளர்த்துப் பாருங்கள்.

பழைய பிப்பெட்

மேலே உள்ள கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்ப்புத்திறன் வர வேண்டுமானால் செல்கள் மாதக்கணக்கில் மருந்திலேயே வளர வேண்டும். இவருடைய தட்டுக்குப் போகும் செல்களோ ஒவ்வொரு முறையும் மருந்து படாத குடுவையிலிருந்துதான் வருகின்றன. கோளாறு அந்தக் குழாயில் இருக்கிறது.

சிஸ்பிளாட்டினில் பிளாட்டினம் அணுவோடு இரண்டு அம்மோனியாவும் இரண்டு குளோரைடும் பிணைந்திருக்கின்றன. செல்லுக்கு வெளியே குளோரைடு மிகுதியாக இருப்பதால் மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்; குளோரைடு குறைவான செல்லுக்குள் நுழைந்த பிறகே அந்த இடத்தில் நீர் மூலக்கூறு வந்து அமர, பிளாட்டினம் டிஎன்ஏவின் காரங்களில் ஒன்றான குவானினைப் பற்றிக்கொள்கிறது. டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் அதிலுள்ள கந்தகம் குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தோடு முன்கூட்டியே ஒட்டிக்கொள்கிறது. அப்படி உருவாகும் சேர்மத்துக்குப் பழைய வீரியம் இருப்பதில்லை. கரைத்த கையோடு பயன்படுத்தியதால்தான் முதல் சோதனை தப்பித்தது. டிஎம்எஸ்ஓ ஏறத்தாழ 18 டிகிரியில்தான் உருகும். குளிரூட்டிய நம் ஆய்வகங்களில் அது உருகி முடிய எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரமெல்லாம் மருந்து வீணாகிக்கொண்டிருக்கிறது.

0.9 விழுக்காடு உப்புக் கரைசலில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது சுமார் 3.3 மில்லிமோலார் அளவில், சோதனை நாளன்று காலையிலேயே கரையுங்கள். ஒளி படாமல் அலுமினியத் தாள் சுற்றி அறை வெப்பநிலையில் வையுங்கள்; குளிர்பெட்டியில் வைத்தால் படிகமாகிவிடும். மருந்து இடாத கட்டுப்பாட்டுக் குழிகளுக்கும் அதே அளவு உப்புக் கரைசல் சேர்க்க வேண்டும்.

இதில் நானும் நான்கு மாதங்களை இழந்தவன். எனக்கு முன்பிருந்தவர் விட்டுச்சென்ற குழாயின் மூடியில் "டிஎம்எஸ்ஓ, 10" என்று நீல மையில் எழுதியிருந்தது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வெளிவந்த கட்டுரைகள் பலவற்றிலும் இதே தவறு உண்டு என்பது பின்னர்தான் தெரிந்தது.

தட்டு 96

மருந்து பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் எம்டிடி சோதனை செல்களின் சாவை நேரடியாக அளப்பதில்லை. உயிருள்ள செல்களின் நொதிகள் மஞ்சள் சாயத்தை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றுகின்றன. அந்த ஊதாவைத்தான் 570 நானோமீட்டரில் படிக்கிறோம். சிஸ்பிளாட்டின் பட்டுப் பெருகுவதை நிறுத்திவிட்டு, அகன்று தட்டையாகிக் கிடக்கும் ஏ549 செல்லும் நன்றாகவே ஊதாவாகும். ஆகவே ஒரு முறையாவது, 1956இல் பக், மார்கஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்த காலனி சோதனையைச் செய்யுங்கள்: சில நூறு செல்களை விதைத்து, 10 முதல் 14 நாள் காத்திருந்து, கிரிஸ்டல் வயலெட்டில் சாயமேற்றி, 50 செல்லுக்குக் குறையாத திட்டுகளை எண்ணுவது. பொறுமை வேண்டும், ஆனால் ஏமாற்றாது.

செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்பதையும் பிசிஆரில் பார்த்துவிடுங்கள். அதற்குச் செல்சுவர் இல்லாததால் ஊடகத்தில் சேர்க்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, ஊடகமும் கலங்காது.

புவன விஸ்டா மாணவி

அனைவருக்கும் நன்றி. ஒரே தட்டில் இடப்பாதியில் புதிய உப்புக் கரைசல் மருந்தையும், வலப்பாதியில் பழைய டிஎம்எஸ்ஓ மருந்தையும் இட்டுப் பார்த்தேன். 48 மணி நேரத்தில், 25 மைக்ரோமோலார் குழிகளில் இடப்பக்கச் செல்கள் உருண்டு மிதந்தன. வலப்பக்கத்தில் எதுவும் நடவாததுபோல் நெருக்கமாக ஒட்டியிருந்தன. ஐசி50 இடப்பக்கம் 13. வலப்பக்கத்துக்கு 100 வரை கணக்கிட முடியவில்லை. மைக்கோபிளாஸ்மா இல்லை.

ஓர் ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது: எங்கள் குழுவில் கடந்த ஆண்டு எடுத்த ஒப்பீட்டுத் தரவுகளும் இதே டிஎம்எஸ்ஓ முறையில்தான் எடுக்கப்பட்டன. அவற்றோடு என் புதிய எண்களை ஒரே வரைபடத்தில் வைக்கலாமா?

பழைய பிப்பெட்

வைக்கக் கூடாது. இரண்டு பக்கப் படங்களையும் எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போங்கள். பழைய சோதனைகளில் எவற்றைத் திரும்பச் செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும். மிச்சமிருக்கும் குழாயைச் செல்நச்சுக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுங்கள், யாரும் மறுபடி எடுத்துவிடாமல்.