அம்மாவுக்கு எந்த மாத்திரை?

பெரியண்ணன் (தட்டோன், மியன்மார்): அம்மாவின் இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டுமாம்; வார்ஃபரினா, அபிக்ஸபானா என்று மருத்துவர் கேட்கிறார். விலை குறைவு என்பதால் வார்ஃபரினே போதும் என்று நினைக்கிறேன்.

அக்கா (யாங்கோன்): அண்ணா, மாத்திரை விலையோடு செலவு முடியாது. வார்ஃபரினுக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் இதயத்தில் உறையும் இரத்தம் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம், கூடினால் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால், அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அம்மா ஒரு வாரம் கீரையை நிறையச் சாப்பிட்டு மறுவாரம் நிறுத்தினாலே அளவு மாறிவிடும். 18,201 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான அரிஸ்டாட்டில் ஆய்வில், வார்ஃபரினைவிட அபிக்ஸபான் உட்கொண்டவர்களுக்குப் பெரிய இரத்தக்கசிவு 31 விழுக்காடு குறைவாக இருந்தது, பக்கவாதமும் குறைந்தது.

சின்னண்ணன் (பெகு): அப்பாவை மாதாமாதம் சோதனைக்கு அழைத்துப் போனவன் நான் ஒருவன்தான்.

பெரியண்ணன்: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், தம்பி.

அண்ணி: கோயில் அன்னதானத்துக்கு அத்தையின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வருவார்களா?

அக்கா: வரட்டும், அண்ணி. ஆனால் அபிக்ஸபானைக் காலையும் இரவும் தவறாமல் கொடுக்க வேண்டும்; அதன் வலு விரைவில் குறைவதால், ஒரு வேளை விட்டாலும் பாதுகாப்பு குறையும்.

நான்: ஆஸ்பிரின் போதாதா, அக்கா?

அக்கா: போதாது. ஆஸ்பிரினோடு ஒப்பிட்ட ஆய்வில், அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது; பெரிய இரத்தக்கசிவோ இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

பெரியம்மா: பிள்ளைகளே, உங்கள் அம்மா சிறுமியாக இருந்தபோது மூட்டெல்லாம் வீங்கி, நெடுநாள் காய்ச்சலில் கிடந்தாள்.

அக்கா: பெரியம்மா, இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது வாதக்காய்ச்சலாக இருந்து, அதனால் இதயத்தில் உள்ள மைட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியிருந்தால், நான் சொன்ன கணக்கு அம்மாவுக்குப் பொருந்தாது. அப்படிப்பட்டவர்களை அரிஸ்டாட்டில் ஆய்வில் சேர்க்கவே இல்லை. வாதக்காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்டவர்களிடம் அபிக்ஸபான் வகையைச் சேர்ந்த ரிவராக்ஸபானைச் சோதித்த இன்விக்டஸ் ஆய்வில், வார்ஃபரின் வகை மாத்திரை உட்கொண்டவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது என்று 2022இல் வெளியிட்டார்கள். ஆகவே முதலில் இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ எடுக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

பெரியண்ணன்: அப்படியானால் வார்ஃபரின் என்றுதானே ஆகிறது?

அக்கா: வால்வைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது, அண்ணா.

சின்னண்ணன்: எக்கோவுக்கு யாங்கோனுக்கு நான் அழைத்து வருகிறேன். வியாழன் மட்டும் முடியாது.

அண்ணி: அன்னதானமே வியாழக்கிழமைதான்.

பெரியண்ணன்: மருத்துவர் அதுவரை காத்திருக்கலாம் என்கிறாரா என்று நாளை காலை முதலில் கேட்டுச் சொல்கிறேன்.