பதில்: துருப்பு ஏற்றும் நாசகாரிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் பழைய நாசகாரிகளை (destroyer எனப்படும் வேகமான போர்க்கப்பல்களை) துருப்புகளை ஏற்றிப்போய்க் கரையில் இறக்கும் கப்பல்களாக மாற்றியது. ஆங்கிலத்தில் ‘high-speed transport’ எனப்படும் அவற்றுக்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே கேள்வி.

> ‘விரைவுப் போக்குவரத்துக் கப்பல்’ போதாதா? மூலத்தில் உள்ளதும் அதுதானே.

போதாது ஐயா. படித்ததும் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம்தான் நினைவுக்கு வருகிறது. கப்பல் செய்த வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போமே.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ‘வார்டு’ 1918இல் கட்டிய நாசகாரி. 1941 டிசம்பர் 7 காலை, விமானங்கள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே, பேர்ல் துறைமுக வாயிலில் ஜப்பானின் குறுநீர்மூழ்கி ஒன்றைச் சுட்டு மூழ்கடித்தது. 1943 தொடக்கத்தில் பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது ஆளே மாறியிருந்தது. நான்கு கொதிகலன்களில் முன்னால் இருந்த இரண்டைக் கழற்றிவிட்டு அங்கே துருப்புகளுக்கு இடம் செய்திருந்தார்கள். நான்கு புகைபோக்கிகளில் இரண்டு போய்விட்டன. டார்ப்பிடோ குழாய்களை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் நான்கு ஹிக்கின்ஸ் படகுகளை (ஆட்களைக் கரையில் இறக்கும் சிறு படகுகளை) தொங்கவிட்டார்கள். 35 நாட் வேகம் 25 அளவுக்குக் குறைந்தது.

> ‘துருப்புக்காவி’ என்று எங்கள் பக்கத்தில் சொல்லலாம்.

நல்ல சொல்தான். இலங்கையில் சுமந்து செல்வது என்ற பொருளில் ‘காவி’ இயல்பு. தமிழ்நாட்டில் அது நிறமாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், குயீன் மேரி போன்ற பயணிகள் கப்பல்களும் துருப்பு காவியவைதான். அவை துறைமுகத்தில் ஆட்களை இறக்கும். வார்டு போன்றவை துறைமுகமே இல்லாத கரைக்குப் போய், சொந்தப் படகுகளில் ஆட்களை இறக்கின. தேவைப்பட்டால் பீரங்கியாலும் சுட்டன. 1944 டிசம்பர் 7 அன்று பிலிப்பைன்ஸின் ஓர்மோக் விரிகுடாவில் வார்டு ஆட்களை இறக்கிவிட்டு, அப்புறம் ரோந்து சுற்றியது. அப்போதுதான் ஜப்பானின் காமிகாசி (தற்கொலைத் தாக்குதல்) விமானம் மோதியது. தீ அடங்காததால் ‘ஓ’பிரையன்’ நாசகாரி அதைச் சுட்டு மூழ்கடித்தது. ஓ’பிரையனின் தலைவர் அவுட்டர்பிரிட்ஜ், மூன்றாண்டுக்கு முன் அதே நாளில் வார்டுக்குத் தலைவராக இருந்தவர். (இது கலைச்சொல்லுக்குத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

> அப்படியானால் ‘விரைபடையிறக்கி’?

‘விரை’ படையோடு ஒட்டிக்கொள்கிறதே! விரைபடையை இறக்குவது என்று பொருள் போய்விடும். வெறும் ‘படையிறக்கி’ என்றால், டாங்கிகளை இறக்கும் மெதுவான பெரிய கப்பல்களும் அதற்குள் வந்துவிடும். என் பரிந்துரை ‘படையிறக்கு நாசகாரி’. வேலையும் தெரிகிறது, பிறந்த வகையும் தெரிகிறது. நாசகாரி வடமொழி என்ற பழைய இழையை மறுபடி தொடங்க வேண்டாம். நாளிதழ்களில் நிலைத்துவிட்ட சொல் அது.

ஒரே ஓட்டை: போரின் பிற்பகுதியில் வழித்துணைக் கப்பல்களையும் (மற்றக் கப்பல்களுக்குக் காவலாகச் செல்பவை, destroyer escort) இப்படி மாற்றினார்கள். அவை நாசகாரி அல்ல. அவற்றை ‘படையிறக்கு வழித்துணைக் கப்பல்’ எனலாமா, இல்லை இரண்டுக்கும் பொதுவாக ‘படையிறக்குப் போர்க்கலம்’ போதுமா? அகராதிப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.