சென்னைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக் கார் அவசியமா?

தேக்காவாசி:
டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை செல்லும் சிங்கப்பூர்க் குடும்பங்களில் பலர் விமான நிலைய வாசலில் வாடகைக் காரில் ஏறி, ஊர் திரும்பும் நாள்வரை அதை விடுவதில்லை. இது தேவையற்ற செலவு என்பது என் உறுதியான கருத்து. விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. நீல வழித்தடத்தில் ஏறினால் கிண்டி, சைதாப்பேட்டை, ஆயிரம் விளக்கு, சென்ட்ரல் என அண்ணா சாலை நெரிசலில் சிக்காமல் நகரின் நடுப்பகுதியைக் கடந்துவிடலாம். தாம்பரம் பக்கம் உறவினர் இருந்தால், எதிரிலுள்ள திரிசூலத்தில் மின்சார ரயில் கிடைக்கும். தி.நகரில் துணி எடுக்கவும் அதே தடத்தில் எதிர்த்திசை ரயிலில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் போதும்.

ஈசூன் இல்லத்தரசி:
நிலையங்களைச் சொன்னீர்கள், நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சொல்லவில்லையே அண்ணா. இங்கே சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை கூரையிட்ட நடைபாதை உண்டு. முழங்கால் வலியுள்ள என் மாமியார் தனியாகவே போய் வருகிறார். சென்னையிலோ நடைபாதை சிறிது தூரத்திலேயே ஒரு மின்பெட்டியிலோ தள்ளுவண்டியிலோ முடிந்துவிடும். அவர் அங்கே சாலையில் இறங்கி, எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி, மறுபடியும் முழ உயரத் திட்டில் ஏற வேண்டும். மேலும், மெட்ரோ இரவு பதினொரு மணியளவில் நின்றுவிடும். நள்ளிரவில் இறங்கும் விமானத்தில் வருபவருக்கு உங்கள் யோசனையால் என்ன பயன்?

பயணப்பை:
நள்ளிரவுக்கும் மூத்தோருக்கும் கார்தான் சரி, அதில் வாதமே இல்லை. ஆனால் பேருந்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. பெட்டியோடு மாநகரப் பேருந்தில் ஏறக் கூடாது. கைவீசிப் போகும் நாளில் அதைப்போல ஊரைக் காட்டுவது வேறில்லை. இங்கே அட்டையைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அங்கே நடத்துநரிடம் ஊரைச் சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும். கூட்டமென்றால் உங்கள் பத்து ரூபாய் நான்கைந்து பேர் கைமாறி அவரிடம் போய், சீட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் பிசகாமல் திரும்பி வரும். இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்குரியவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். திருச்சி, தஞ்சாவூர் என்று மேற்கொண்டு போகிறவர்கள் பழைய நினைப்பில் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

தேக்காவாசி:
நடைபாதை பற்றிய குறை நியாயமானது. ஆனால் எல்லா இடமும் அப்படியே இல்லை. மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023இல் திறந்த ஆகாய நடைமேம்பாலம், ரங்கநாதன் தெரு நெரிசலில் இறங்காமலேயே நம்மைக் கொண்டுசேர்க்கிறது. அதில் மின்தூக்கியும் உண்டு. எனக்குள்ள உண்மையான வருத்தம் பிள்ளைகளைப் பற்றியது. இங்கே தொடக்கப்பள்ளி வயதிலேயே தனியாகப் பேருந்தில் போகும் பிள்ளைகள், தாத்தா பாட்டியின் ஊரைக் கார்க் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மாமியாருக்குக் கார் வையுங்கள். பேரப்பிள்ளைகளையும் ஏன் அதிலேயே அடைத்து வைக்கிறீர்கள்?

ஈசூன் இல்லத்தரசி:
பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். இங்குள்ள பெருவிரைவு ரயிலில் (எம்ஆர்டி) கதவோரம் சாய்ந்து நின்று பழகியவர்கள் அவர்கள். சென்னையின் வழக்கமான மின்சார ரயிலில் கதவு திறந்தபடியே ஓடும். 2025இல் விட்ட குளிர்சாதன ரயிலில் தானாக மூடும் கதவுகள் உண்டு என்றாலும், நாம் போகும் நேரத்துக்கு அது வர வேண்டுமே. மெட்ரோவில் அனுப்பச் சம்மதம். மின்சார ரயில் என்றால் காலையும் மாலையும் அலுவலக நேரத்தைத் தவிர்த்து, அந்த ஊரிலேயே வளர்ந்த சித்தப்பாவோ அத்தையோ உடன் போனால் மட்டுமே அனுப்புவேன். அதுவரை காரை நான் விடப்போவதில்லை.