இருவாச்சிக் கூட்டு மரங்களின் இடத்தைப் பொதுவில் வைக்கலாமா?

முதலமடைவாசி:
நெல்லியாம்பதிச் சரிவிலும் பரம்பிக்குளத்தை ஒட்டியும் நம் குழு எடுத்த பறவைக் கணக்கு ஒரே அட்டவணையில் சேர்ந்துவிட்டது. இருவாச்சிப் பறவைகள் கூடு வைக்கும் மரங்களும் அதில் உண்டு. அப்படியே இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. கேரளப் பறவை அட்லஸுக்காகத் தன்னார்வலர்கள் 2015 முதல் 2020 வரை மழைக்காலத்திலும் வறட்சிக்காலத்திலும் மாநிலம் முழுக்க நடந்தார்கள். அந்தக் கணக்கு திறந்து கிடப்பதால்தான் இன்று யாரும் எடுத்து ஒப்பிட முடிகிறது. பூட்டி வைத்த தரவு, வைத்திருப்பவரின் கணினியோடு சேர்ந்து ஒருநாள் செத்துப்போகும். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

சேத்துமடை:
பலமான ஆட்சேபம். பெரிய இருவாச்சியின் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. சிறு பிளவு வழியே ஆண் ஊட்டும் பழம்தான் மாதக்கணக்கில் அதற்குச் சோறு. மரத்தடியில் நான்கு கேமராக்காரர்கள் நின்றால் ஆண் கூட்டுக்கு வரத் தயங்கும். அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அதே பொந்துதான். ஆகவே இடம் ஒருமுறை வெளியானால் தொல்லை ஒரு பருவத்தோடு முடியாது. உங்கள் அட்டவணையில் அட்சரேகைக்கு ஐந்து தசம இடம் இருக்கிறது ஐயா! அது ஏறத்தாழ ஒரு மீட்டர். மரத்தையே விரல்நீட்டிக் காட்டும். சீனாவில் 1999-இல் ஒரு குகைப் பல்லியைப் புதிய இனமென்று விவரித்தார்கள். கட்டுரையில் இருந்த இடத்தைப் படித்துப் பிடிப்பவர்கள் போனார்கள். அந்த இடத்தில் பல்லியே இல்லாமல் போயிற்று.

முதலமடைவாசி:
பல்லிக்குச் சந்தை இருக்கிறது, இருவாச்சிக் கூட்டுக்கு ஏது? சாலையை அகலப்படுத்தவும் மின்கம்பி இழுக்கவும் அறிக்கை எழுதுபவர் பொதுத் தரவைத்தான் புரட்டுவார். அங்கே வெற்றிடம் இருந்தால் ‘குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். மரம் சாய்ந்தபின் நாம் ரகசியம் காத்த பெருமையை யாரிடம் சொல்வது?

களஏடு:
இருவரும் சண்டைக்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். பரம்பிக்குளம் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கூட்டு வரியில் தேதி 03/04. மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா? பெண் எப்போது உள்ளே போனது என்று கணக்கிடும்போது இந்த ஒரு மாதம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். அதைவிட மோசம், ‘போனோம், தேடினோம், காணவில்லை’ என்ற வரி ஒன்றுகூட இல்லை. பறவை குறைந்ததா, நாம் போகவில்லையா என்று நாளை யார் சொல்வது?

இடத்தை மறைப்பதற்கும் முறை இருக்கிறது. உயிரினப் பதிவுகளை ஏற்றும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம் அருகிய இனங்களின் புள்ளியை இருபது கிலோமீட்டர் சொச்சம் அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ நகர்த்திக் காட்டும். நமக்கு அது சரிப்படாது. பரம்பிக்குளத்துப் பறவை டாப்ஸ்லிப்பில் போய் உட்கார்ந்து தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறிவிடும். உயிரினப் பதிவுகளைப் பகிர்வதற்கான ‘டார்வின் கோர்’ என்ற பொது வடிவத்தில், இடம் எத்தனை மீட்டர் வரை பிழைபடலாம், எது மறைக்கப்பட்டது என்று எழுதவே தனிப் பத்திகள் உள்ளன. மூலக் கோப்பு துல்லியமாக இருக்கட்டும். வெளியே போவதில் இரண்டு தசமம், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போதும்.

சேத்துமடை:
பறவை பார்த்த வரிகளுக்குப் போதும், கூட்டுக்குப் போதாது. பறக்கும் இருவாச்சியின் சிறகோசை காட்டையே நிறைக்கும்; ஒரு கிலோமீட்டருக்குள் என்று தெரிந்தால் பழகியவர் காதை வைத்தே மரத்தைப் பிடித்துவிடுவார். கூட்டு வரிகள் பொதுவில் வேண்டவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
வெளியிடும் உரிமை நமக்கு எப்படி வந்தது? அந்த மரங்களைக் காட்டியவர்கள் காடர் பழங்குடிக் காவலர்கள். ‘கண்டவர்’ பத்தியில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. 1987-இல் அகத்திய மலையில் காணிப் பழங்குடி வழிகாட்டிகள் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானாலும் அதைப் பெறுவதற்கான அறக்கட்டளை 1997-இல்தான் அமைந்தது. இங்கே பணம் இல்லை என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

முதலமடைவாசி:
கேட்கிறேன் ஐயா, பெயர்களையும் சேர்க்கிறேன். ஆனால் ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்றே அலமாரியில் தூங்கும் கணக்குகள் ஏராளம் என்பதையும் மறக்க வேண்டாம். கூட்டு வரிகளைத் தனியே எடுத்துவிட்டு மற்றதை ஏற்றுகிறேன். கூட்டுக் கோப்பு, காவலர்கள் சம்மதித்தால், வனத்துறைக்குத் துல்லியமாகவே போக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சேத்துமடை:
கொடுங்கள், யார் வாங்கினார் என்று கையொப்பத்தோடு. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள்.

களஏடு:
படங்களையும் பார்த்து ஏற்றுங்கள். இடக்குறிப்பை நிறுத்தாத கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தாமே பதிந்திருக்கும்.