எழுத்துகள் கையில், சொல் எங்கே? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கட்டைவண்டி

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். எங்கள் குடியிருப்பில் நடந்த ஆட்டம். எதிரே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நான் 'ரீடெயின்ஸ்' என்று ஏழு கட்டையையும் ஒரே சொல்லில் இறக்கி, கூடுதல் 50 புள்ளியை வாங்கிக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்த ஏழு கட்டைகளை மட்டும் பொறுக்கி என் முன்னால் வைத்தார். ஆள்காட்டி விரலால் நகர்த்தி நகர்த்தி 'நாஸ்டியர்', 'ரெட்டினாஸ்', 'ஸ்டெயினர்', 'ஆன்ட்சியர்' என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நடுநடுவே தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேச்சு வேறு. கடைசியாக 'ரெட்சினா'.

"அப்படின்னா என்ன சார்?" என்றேன்.

"தெரியாது தம்பி. செல்லும், அவ்வளவுதான்."

ஃபோனில் தேடினேன். பைன் மரப் பிசின் வாசம் வரும் கிரேக்க ஒயின். சொன்னேன். "ஓ, ஒயினா?" என்று சிரித்துவிட்டுக் கட்டைகளைப் பையில் போட்டுவிட்டார். என்னென்று தெரியாமலே ஒரு சொல்லை இத்தனை வருடம் ஒருவர் எப்படி வைத்திருக்க முடியும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளவத்தை வாசி

கட்டைவண்டி, இதில் ஆறாமல் இருக்க என்ன இருக்கிறது? நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. 2024இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் அப்படியே எடுத்தார். ஆட்டத்துக்கு எழுத்துதான் வேண்டும், பொருள் வேண்டாம்.

என் கதை கொழும்பில் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டியில் நடந்தது. ஆட்டம் முடிகிற நேரம். எதிரில் இருந்த பிள்ளையிடம் ஒரே ஒரு கட்டை, அது க்யூ என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வர வேண்டும், அந்த யூ நாலும் பலகையில் போய்விட்டது. நான் அடுத்த முறை முடித்தால் அவவின் கையில் தங்கும் க்யூவுக்கு இரட்டிப்பாக 20 புள்ளி எனக்கு. நான் கொஞ்சம் முன்புதான் மூலையில் ஏ-டி, 'அட்' போட்டிருந்தேன். அந்தப் பிள்ளை அதன் முன்னால் க்யூவைக் கொண்டுவந்து வைத்தது. க்யூ-ஏ-டி, 'காட்'. நான் ஆட்சேபித்தேன். நடுவர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். யேமனில் மெல்லுகிற இலையாம். அவவுக்கு அது தெரியுமோ என்னவோ, நான் கேட்கவில்லை. க்யூவைக் கட்டையின் ஓரத்தில் நகத்தால் தட்டித் தட்டி நேராக்கியதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நியூஜெர்சி மருமகன்

ஸ்கிராபிளை விடுங்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சொல் விளையாட்டு 'ஸ்பெல்லிங் பீ' ஆடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏழு எழுத்து, தேன்கூடு மாதிரி. நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும், எந்த எழுத்தையும் எத்தனை தடவையும் போடலாம், ஏழும் வந்தால் அது பான்கிராம்.

அன்றைக்கு நடுவில் சி. நான் பான்கிராமைப் பிடித்துவிட்டேன்: 'அடிக்ஷன்'. எனக்கே பொருத்தமாக இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே திரையை எட்டிப் பார்த்தார். "டிக்டேஷன் இருக்கே மாப்பிள்ளை." அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது எழுத்துக்கு 9, பான்கிராமுக்கு 7, ஆக 16 புள்ளி வந்து விழுந்தது. அவர் நிமிரக்கூட இல்லை. அன்றிலிருந்து காலையில் காபி கொடுக்கும்போது "இன்னிக்கு என்ன எழுத்து?" என்று கேட்கிறார். என் மனைவி என் பக்கம் இல்லை.

குறுக்குவழி

நான் கணினி நிரல் எழுதும் வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்கிறவன். "சில எழுத்துகளைத் தருகிறேன், அவை எல்லாம் வரும் சொற்களை அகராதியிலிருந்து எடுத்துக் கொடு" என்பது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பெரும்பாலானவர்கள் எழுத்துகளைக் கலைத்துக் கலைத்துப் பார்க்கக் கிளம்புவார்கள். பத்து எழுத்துக்கு 36,28,800 வரிசை, அங்கேயே மூச்சு முட்டும். ஒரு பெண் மட்டும் வெள்ளைப் பலகையில் ஏ=2, பி=3, சி=5 என்று பகா எண்களாக எழுதிக்கொண்டே போனார். 'கேட்' (பூனை) என்றால் சி, ஏ, டி மூன்றையும் பெருக்கி 5×2×71=710. 'ஆக்ஷன்' சொல்லின் பெருக்குத் தொகை 710ஆல் மீதியின்றி வகுபட்டால் மூன்று எழுத்தும் உள்ளே இருக்கிறது. மார்க்கரை மூடிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் என் கதை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் பிரச்சினை சொல்வளம் இல்லை, அடுக்கும் முறை. முதலில் கட்டைகளை அகரவரிசையில் வையுங்கள், கண் பழகும். அப்புறம் ஐ-என்-ஜி, ஈ-ஆர், ஈ-எஸ்-டி மாதிரி வால்களை வலது ஓரத்துக்குத் தள்ளுங்கள். யூ-என், ஆர்-ஈ இடது ஓரத்துக்கு. மிச்சம் இருப்பது மூன்று நாலு எழுத்துதான், அதைப் பாருங்கள். ஹெச் வந்தால் தனியாக விடாதீர்கள், சி-யோடோ எஸ்-ஸோடோ ஜோடி சேருங்கள். எஸ் 100 கட்டையில் நாலே நாலு, சில்லறைப் புள்ளிக்குச் செலவழிக்காதீர்கள். 'சாட்டின்' துணியின் எழுத்துகளோடு ஒரு ஈ சேர்த்து ஆறையும் கையில் வைத்திருங்கள், ஏழாவதாக எது வந்தாலும் பெரும்பாலும் சொல் அமையும். கட்டைவண்டியின் வங்கி அதிகாரி காட்டிய சொற்களும் அந்த ஆறு எழுத்துதான், ஏழாவது ஆர். இதில் மாயம் ஒன்றும் இல்லை. தினமும் காலையில் பத்து நிமிடம்…

கட்டைவண்டி

குறுக்குவழி, நான் பாடம் கேட்கவில்லை. வெள்ளவத்தை வாசி, ஆட்டத்துக்குப் பொருள் வேண்டாம் என்பது எனக்கும் தெரியும். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளவே தோன்றவில்லை என்பதுதான் என் குறை.

பசித்தவன்

பள்ளியில் ஆங்கில ஆசிரியர் கேட்டது: ஜி-ஆர்-ஒய் என்று முடியும் மூன்று சொற்கள். 'ஆங்க்ரி', 'ஹங்க்ரி', மூன்றாவது? மணி அடித்தும் சொல்லவில்லை. "தேடிக்கிட்டு வா" என்று போய்விட்டார். அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் 1970களிலேயே சுற்றிய புதிராம், அன்றாடச் சொல் மூன்றாவது கிடையவே கிடையாது. பெரிய அகராதிகளில் 'அக்ரி' உண்டு, கானாவில் கிடைக்கும் பழைய பாசிமணி. 'பக்ரி' உண்டு, நம் பக்கத்துத் தலைப்பாகைதான். இதில் எது அவர் மனதில் இருந்தது? அல்லது அவருக்கும் தெரியாதா? யாராவது சொல்லுங்கள்.

சும்மா பார்க்கிறவன்

மருமகன், அதே ஏழு எழுத்தில் 'இண்டிகேஷன்' இருக்கிறது, பத்து எழுத்து, 17 புள்ளி. மாமியாரிடம் சொல்லுங்கள்.

குறுக்குவழி, அந்தப் பகா எண் கணக்கு பலகையில் அழகு, வேலைக்கு ஆகாது. இசட்டுக்கு 101. இருபது எழுத்துச் சொல்லைப் பெருக்கிப் பாருங்கள், கணினி வழக்கமாக எண்ணுக்கு ஒதுக்கும் 64 பிட் இடத்தில் அடங்காமல் வழிந்து தப்பான விடை வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் 26 பெட்டி வைத்து எழுத்தை எண்ணிப் போட்டால் போதும், எந்தச் சொல்லுக்கும் உடையாது. அந்தப் பெண்ணை எடுத்தீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?